கேள்வித்தாளின் முதல் பக்கம்

அன்பு மகள் துளசிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என்.எச்.எஸ். திட்டமிடல் பிரிவில் உனக்கு வேலை கிடைத்தது சந்தோஷம். எடுத்த உடனேயே மக்கள் கருத்துக் கேட்கும் அலுவலை உன் கையில் தந்திருக்கிறார்கள் என்பது அதைவிடச் சந்தோஷம். இரண்டு ஆஸ்பத்திரிகளின் பிள்ளைப்பேற்றுப் பிரிவுகளை ஒன்றாக்கும் திட்டத்துக்குக் கேள்வித்தாள் எழுத வேண்டும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். லண்டனில் எங்கள் லூயிஷத்தில் நடந்ததை முதலில் வடிவாகப் படி. அந்த நேரம் நீ சின்னப் பிள்ளை.

வூலிச்சிலும் ப்ரொம்லியிலும் இருக்கும் ஆஸ்பத்திரிகள் பி.எஃப்.ஐ. முறையில் எழுந்தவை. தனியார் காசில் கட்டி, பல பத்தாண்டுகளுக்குத் தவணை கட்டுகிற ஒப்பந்தம் அது. 2009 இல் அவற்றையும் சிட்கப் ஆஸ்பத்திரியையும் சேர்த்து ஒரே ட்ரஸ்ட் ஆக்கினார்கள். கடன் குறையவில்லை. வாரத்துக்கு 10 லட்சம் பவுணுக்கு மேல் நட்டம். 2012 ஜூலையில் அரசாங்கம் அந்த ட்ரஸ்டைச் சிறப்பு நிர்வாகி ஒருவரிடம் ஒப்படைத்தது. அவர் கண்ட வழிகளில் ஒன்று, அந்த ட்ரஸ்டைச் சேராத, ஒழுங்காகக் கணக்கு நடத்திய லூயிஷம் ஆஸ்பத்திரியின் ஏ அண்ட் ஈ என்ற அவசர சிகிச்சைப் பிரிவையும் பிள்ளைப்பேற்றுப் பிரிவையும் சுருக்குவது. பக்கத்து வீட்டுக் கடனுக்கு எங்கள் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போவது மாதிரி.

கருத்துக் கேட்கத்தான் செய்தார்கள். முப்பது வேலை நாள். இரண்டே முக்கால் லட்சம் சனம் வாழும் இடத்துக்கு அது காணுமா? அதை எதிர்த்து மழைக்குள் ஒரு ஊர்வலம், பிறகு 2013 ஜனவரி 26 இல் இன்னொன்று. இருபத்தையாயிரம் பேர் என்று ஏற்பாடு செய்தவர்கள் சொன்னார்கள். டாக்டர்மாரும் தாதிமாரும் வந்தார்கள், சிவன் கோயிலில் காணும் முகங்களும் வந்தன. ஐந்தாம் நாள் சுகாதார அமைச்சர் ஜெரமி ஹன்ட், சில மாற்றங்களோடு, அந்தத் திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தார்.

நகரசபையும் ஆஸ்பத்திரியைக் காக்கப் போராடியவர்களும் வழக்குப் போட்டார்கள். ஜூலை 31 இல் உயர் நீதிமன்றமும், அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அமைச்சருக்கு எதிராகத் தீர்த்தன. மேல்முறையீட்டில் நிலைத்த காரணத்தைக் கவனி: அந்த நிர்வாகியின் அதிகாரம் அவரிடம் ஒப்படைத்த ட்ரஸ்டுக்குள் மட்டும்தான் செல்லும், லூயிஷத்தைத் தொட ஏலாது. இத்தனை ஆயிரம் பேர் வேண்டாம் என்றது அதற்குள் வரவில்லை. அதனால்தான் 2014 இல் கெயர் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, பக்கத்து ஆஸ்பத்திரிகளையும் தொடும் வழியைத் திறந்துவிட அரசாங்கத்தால் முடிந்தது. கருத்துக் கேட்கும் காலத்தைப் பத்து வேலை நாள் கூட்டினார்கள். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

ஆகவே, மகள், உங்கள் திட்டத்துக்குப் பின்னாலும் கடன் இருந்தால், அதைக் கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே எழுது. எவ்வளவு காசு குறைகிறது, ஏன் குறைகிறது, பிரிவுகளை ஒன்றாக்காவிட்டால் வேறெதை வெட்ட வேண்டி வரும் என்று சனத்துக்கு விளங்கும்படி சொல். ‘வீட்டுக்குக் கிட்டச் சிறந்த சேவை வேண்டுமா?’ என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். அந்த ஓமைக் காட்டி எதையும் மூடலாம். இரவு இரண்டு மணிக்கு வலி வந்தவள், கார் இல்லாதவள், எந்த பஸ்ஸில் எவ்வளவு நேரம் போவாள் என்று எழுதிவிட்டுக் கேள். பின்னேரத்தில் கூட்டம் வை. தமிழிலும் மற்ற மொழிகளிலும் தாளைக் கொடு. முடிவெடுத்த பிறகு கேட்கச் சொன்னால், உன் மேலதிகாரியிடம் அதை எழுத்தில் கேட்டு வாங்கு.

சனத்தின் சார்பில் தனித்து நின்று பேசவென்று 1974 இல் சமூக சுகாதார மன்றங்கள் வந்தன. இங்கிலாந்தில் 2003 இல் அவற்றைக் கலைத்து வேறொன்று வைத்தார்கள், பிறகு இன்னொன்று, 2013 இல் ஹெல்த்வாட்ச். 2024 இல் என்.எச்.எஸ்.-இன் பத்தாண்டுத் திட்டத்துக்கென்று நாடு முழுக்கக் கருத்துக் கேட்டவர்கள், 2025 ஜூலையில் அந்த ஹெல்த்வாட்சையும் எடுக்கப்போகிறோம் என்று அறிவித்தார்கள். தனித்து நின்று கேட்க ஒருவரும் இல்லாத இடத்தில், உள்ளே இருக்கும் உன்னைப் போன்றவர்கள்தான் நேர்மையாகக் கேட்க வேண்டியிருக்கும். அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தாள் வெளிவந்த உடனே ஒன்றை எனக்கு அனுப்பு. தமிழ்ப் பிரதியை இங்கே இரண்டு மூன்று தாய்மாருக்கு வாசித்துக் காட்டி, எது விளங்கவில்லை என்று கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா