மலைக்கு இந்தப் பக்கம்

மதுரையிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற பிரயாணிகளிடம், "வழியில் சிவகிரி எப்போது வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர், "அப்படி ஓர் ஊர் இருக்கிறதா?" என்பார்கள். பத்தாவது ஆசாமி அந்த ஊர்க்காரராக இருப்பார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ராஜபாளையத்தில் வடையும் காப்பியும் உள்ளே போனதும் கண் சொருக ஆரம்பித்துவிடும். மறுபடி விழித்துப் பார்க்கும்போது தென்காசிக் கோபுரம் எதிரே நிற்கும். இடையிலுள்ள சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் ஆகிய ஊர்களெல்லாம் குறட்டையிலேயே கழிந்துவிடும்.

நாமும் பதினெட்டு வருஷ காலம் அந்த ஒன்பது பேரில் ஒருவராகத்தான் இருந்து வந்தோம்.

இந்த வருஷம் ஆனி மாதக் கடைசியில் நம் வீட்டு அம்மாள் ஒரு புதிய யோசனை சொன்னாள். வாடகைக் கார் வேண்டாம். பெட்டி படுக்கை வேண்டாம். பள்ளிக்கூடத்துப் பையன்கள் முதுகில் மாட்டிக்கொள்கிறார்களே, அதைப்போல ஆளுக்கு ஒரு பை. பஸ் ஜன்னலிலிருந்து எந்த ஊர் கண்ணுக்குப் பிடிக்கிறதோ அங்கே இறங்கிவிட வேண்டியது; பார்த்தாயிற்று என்றால் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ள வேண்டியது. நாற்பத்தேழு வயதில் முதுகில் பை மாட்டிக்கொண்டு நம் மாணாக்கர்கள் கண்ணில் பட்டால் என்ன ஆவது என்ற கவலை நமக்கு.

"ரயிலில் போனால் சௌகரியமாக இருக்குமே?" என்று சொல்லிப் பார்த்தோம். விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927-ம் வருஷத்திலேயே ரயில் பாதை போட்டாகிவிட்டது. ஆனால் அந்தப் பாதை ராஜபாளையத்தைத் தாண்டியதும் மலையை விட்டு விலகி, கிழக்கே சங்கரன்கோவிலைப் பார்க்கப் போய்விடுகிறது. கடையநல்லூர்ப் பக்கம்தான் மறுபடி மலையடிவாரத்துக்கு வருகிறது. இந்தப் பூகோள விவரத்தையெல்லாம் நாமே விஸ்தாரமாக எடுத்துச் சொன்னோம்.

"அப்படியானால் ரயில் விட்டுவிட்டுப் போன ஊர்களையே பார்த்துவிட்டு வரலாம்" என்றாள். சனி, ஞாயிறோடு திங்கட்கிழமைக்கும் லீவு எழுதிக் கொடுத்தோம்.

இந்தச் சாலையில் தெற்கே போகிறவர்கள் வலது பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொள்வது உத்தமம். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் பின்னால் மறைந்து, ராஜபாளையமும் சேத்தூரும் கழிந்த பிறகு, மலை சாலைக்குத் துணையாக வருகிறது. நடுவே தென்னந்தோப்பும் மாந்தோப்பும் கரும்புக் கொல்லையும். அவற்றுக்கு மேலே கருநீலத்தில் ஒரே மதில். அந்த மதிலின் உச்சியில் மட்டும் மேகம் கவிந்திருந்தது. பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் தூங்கினார்கள். மற்றப் பாதிப் பேர் செல்போனில் வேறு ஏதோ மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சிவகிரி இறங்கு!" என்று கண்டக்டர் கூவினார். நாம் இருவரும் பையை மாட்டிக்கொண்டு இறங்கினோம்.

சிவகிரி நெடுங்காலம் சங்கரன்கோவில் தாலுகாவைச் சேர்ந்த ஊராக இருந்தது. இப்போது அதுவே ஒரு தாலுகாவின் தலைமை ஸ்தலம். 2019-ம் வருஷம் திருநெல்வேலியிலிருந்து பிரித்த தென்காசி ஜில்லாவில் அடங்கியது. அதற்கெல்லாம் முன்னால் அது ஒரு பாளையம், பிற்பாடு ஜமீன். ஜமீன்கள் 1948-ம் வருஷத்துச் சட்டத்தோடு போய்விட்டன. கடைத்தெருவும், மலையும், காற்றும் இருக்கின்றன. அந்த ஆனி மாதத்துக் காற்றைப்பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. அம்மாளின் புடவைத் தலைப்பைக் கேட்டால் சொல்லும்.

பஸ் நிற்கும் இடத்துக்கு அருகில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். எதிர்ப் பெஞ்சியில் தோளில் துண்டுடன் ஒரு பெரியவர் இருந்தார். விவசாயி என்பது காலைப் பார்த்தாலே தெரிந்தது. நம் மூக்குக் கண்ணாடியைப் பார்த்து நம்முடைய தொழிலை அவரும் ஊகித்துக்கொண்டார் போலும்.

"சார்வாளுக்கு எந்த ஊரு?"

"மதுரை, அண்ணாச்சி."

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "மதுரையா? அப்போ எங்க மலைத் தண்ணியத்தான் குடிக்கிய!"

கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். என்ன ஹாஸ்யம் என்று தெரியாமலே நாமும் சேர்ந்து சிரித்து வைத்தோம்.

சாயங்காலம் குன்றின்மேல் இருக்கும் பாலசுப்பிரமணிய சுவாமியைத் தரிசிக்கப் படியேறினோம். குன்று அப்படியொன்றும் உயரமில்லை. ஆனாலும் பாதிப் படியில் நம்முடைய பை கனக்கத் தொடங்கிவிட்டது. அம்மாளோ தன் பையோடு நம் பையையும் கேட்டு வாங்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். அதை இங்கே விவரிக்க விருப்பமில்லை. தரிசனம் முடிந்து பிராகாரத்தில் நின்று பார்த்தபோதுதான் காப்பிக் கடை ஹாஸ்யம் நமக்கு அர்த்தமாயிற்று.

மேற்கே மலைச் சுவர். உச்சியில் மை போன்ற மேகம். அங்கே மழை கொட்டுகிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம். நம் தலைமேலோ வெயில்! கிழக்கே திரும்பினால் குளத்துக்கு மேல் குளமாகத் தெரிந்தது. அநேகமாக எல்லாவற்றிலும் தரை வெளுத்து, ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று மழை கொண்டுவந்தால்தான் அவை நிரம்ப வேண்டும். இந்த ஆனி, ஆடி மழை அரபிக் கடலிலிருந்து வருவது. மலையின் மேற்கு முகத்தில் மோதி, இருப்பதையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்கி வருகிறது. தெற்கே செங்கோட்டைக் கணவாயில் மலை தாழ்ந்து வழி விடுவதனால் குற்றாலத்துக்காரர்களுக்குச் சாரல் கிடைக்கிறது. சிவகிரிக்காரர்களுக்குக் காற்று மட்டும்.

சரி, அந்தப் பக்கம் கொட்டிய மழை என்னவாகிறது? இந்தக் கேள்விக்கு விடை நமக்கே தெரியும். வருஷந்தோறும் வகுப்பில் நாம் சொல்லிக் கொடுத்து வருகிற விடைதான். "பெரியாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் சிவகிரி மலைப் பகுதியில் உற்பத்தியாகி, 244 கிலோமீட்டர் ஓடி, அரபிக் கடலில் கலக்கிறது." இருபது வருஷமாகப் பையன்கள் இதை எழுதியிருக்கிறார்கள், நாமும் சிவப்பு மசியில் சரி போட்டு மார்க் கொடுத்திருக்கிறோம். அந்தச் சிவகிரி மலை, பஸ்ஸில் நாம் குறட்டை விட்ட இடத்துக்கு நேர் மேற்கே நிற்கும் இந்த மலைதான் என்று ஒரு நாளாவது எண்ணிப் பார்த்ததுண்டா? கிடையாது! (ஆற்றின் உற்பத்தி ஸ்தானம் எல்லைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதில் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஒத்த அபிப்பிராயம் இல்லை. வகுப்பில் அதையும் நாம் சொன்னதில்லை.)

அப்படிப் பிறந்த பெரியாறு வடக்கே போகிறது. முல்லையாறும் அதோடு சேர்ந்துகொள்கிறது. 1895-ம் வருஷம் பென்னிகுவிக் துரை கட்டி முடித்த அணை அதை மறிக்கிறது. மறித்த தண்ணீரில் ஒரு பங்கு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே இறங்கி, வைகைப் பள்ளத்தாக்குக்கு வருகிறது. தேனிப் பக்கத்திலும் மதுரைப் பக்கத்திலும் வயலுக்குப் பாய்கிறது. வைகை அணையில் சேர்ந்து மதுரை வீடுகளில் குழாயிலும் விழுகிறது. சிவகிரி மலையின் மழை இத்தனை தூரம் சுற்றி, மலையைத் துளைத்துக்கொண்டு நம் வீட்டுச் சமையலறைக்கு வந்துவிடுகிறது. அதே மலையின் காலடியில் இருக்கிற குளத்தில் ஆடு மேய்கிறது.

இறங்கி வந்ததும் நேரே அதே காப்பிக் கடைக்குப் போனோம். நல்ல வேளையாகப் பெரியவர் அங்கேயே இருந்தார்.

"இப்ப வெளங்கிச்சா சார்வாள்?" என்று கேட்டுவிட்டு, செண்பகவல்லி அணையைப்பற்றிச் சொன்னார். அது ஒன்றும் பிரமாண்டமான அணை அல்ல. மலை மேலே, மேற்கே ஓடிப்போகிற ஒரு நீரோட்டத்தை மறித்து, அதில் கொஞ்சத்தை இந்தப் பக்கம் திருப்பிவிடுகிற தடுப்புச் சுவர். பதினெட்டாம் நூற்றாண்டில், சிவகிரி ஜமீனுக்கும் மலைக்கு அப்பாலிருந்த ராஜாங்கத்துக்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்மேல் கட்டியது என்று இந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். வாசுதேவநல்லூர், சிவகிரி வட்டாரத்துக் குளங்கள் பலவற்றுக்கு அதிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. 1960-களில் அந்தச் சுவர் உடைந்தது. உடைந்த இடம் இப்போது கேரளத்தின் எல்லைக்குள், காட்டுக்குள் இருக்கிறது. மனுக்கள் போயின, கடிதங்கள் போயின, விவகாரம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. சுவர் மட்டும் உடைந்தபடியே கிடக்கிறது.

"அண்ணாச்சி, நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்களா?"

"சின்னப் பையனா இருக்கப்ப எங்க ஐயாகூட வேலைக்குப் போயிருக்கேன். ஒரு ராத்திரி மேல தங்குனோம். காலையில எந்திரிச்சுப் பாத்தா, தண்ணி ஒரு கை அந்தப் பக்கம் போகுது, ஒரு கை இந்தப் பக்கம் வருது. சத்தம்கூட வேற வேற மாதிரி கேக்கும்."

அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. குடித்து முடித்த தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்து வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். காப்பிக்குக் காசு கொடுக்கப் போனபோது பெரியவர் கொடுக்க விடவில்லை.

காட்டிலாகா அனுமதியில்லாமல் அங்கே மலையேறக் கூடாது. ஏறுகிற வயதும் நமக்கு இல்லை. மறுநாள் காலையில் டவுன் பஸ்ஸில் வாசுதேவநல்லூருக்குக் கிளம்பினோம். 2021-ம் வருஷத்திலிருந்து சர்க்கார் டவுன் பஸ்களில் ஸ்திரீகளுக்குக் கட்டணமில்லை என்பதை நேயர்கள் அறிவார்கள். கண்டக்டர் அம்மாளுக்கு ஓர் இலவசச் சீட்டும் நமக்குக் காசுச் சீட்டும் கிழித்துக் கொடுத்தார். அன்று பூராவும், "உங்களுக்கு எவ்வளவு ஆயிற்று?" என்று ஒவ்வொரு பஸ்ஸிலும் விசாரித்துக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் ஸ்திரீகள்தான். கூடையும், தூக்குச் சட்டியும், மண்வெட்டியும். இந்தச் சாலையில் வேலைக்கும் சந்தைக்கும் போகிறவர்கள் யார் என்பதை அந்த ஒரு பஸ்ஸிலேயே தெரிந்துகொள்ளலாம்.

வாசுதேவநல்லூரில் அர்த்தநாரீசுவரர் கோயில் இருக்கிறது. ஆணும் பெண்ணும் பாதிப் பாதியாய் நிற்கும் மூர்த்தியின் சந்நிதியில், பஸ் டிக்கெட் விஷயமாக அம்மாள் மறுபடி ஒரு வார்த்தை சொன்னாள். நாம் மறுமொழி சொல்லவில்லை.

அங்கிருந்து கிழக்கே நெற்கட்டும்செவலுக்குப் போகாமல் திரும்புவதற்கு மனம் வரவில்லை. பூலித்தேவர் ஆண்ட ஊர். 1755-ம் வருஷத்தில் ஆர்க்காட்டு நவாபுக்காகக் கப்பம் வசூலிக்கக் கும்பினியின் பட்டாளம் வந்தபோது கொடுக்க மறுத்தவர். அவருடைய கோட்டைகள் மண்ணால் கட்டியவை. அந்த மண் சுவர்கள் பீரங்கிக் குண்டுகளை வருஷக் கணக்காகத் தாங்கின. 1761-ல் யூசுப் கான் வாசுதேவநல்லூரையும் பனையூரையும் நெற்கட்டும்செவலையும் பிடித்தான். நவாபுக்காகவும் கும்பினிக்காகவும் இதைச் செய்த அதே யூசுப் கானை மூன்று வருஷத்தில் அவர்களே மதுரையில் தூக்கிலிட்டார்கள். பூலித்தேவர் சங்கரன்கோவில் கோயிலுக்குள் போய் மறைந்துவிட்டார் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். நெற்கட்டும்செவலில் சர்க்கார் கட்டிய நினைவு மாளிகையைப் பார்த்தோம். ஊர்ப் புறத்திலிருந்து பார்த்தால் மேற்கே அதே மலை.

பார்த்துக்கொண்டே நின்றதில் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். வேப்ப மரத்தடியில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தோம். பையின் உபயோகம் அப்போதுதான் தெரிந்தது. வேலை முடிந்து வந்த நாலைந்து ஸ்திரீகள் அம்மாளைச் சூழ்ந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள், முழங்கால் வலிக்கு என்ன போடுகிறாய் என்பதெல்லாம் பேசி முடிந்தபோது, ஒருத்தி மடியிலிருந்து ஏழெட்டு எலுமிச்சம் பழத்தை எடுத்து அம்மாளின் பையில் போட்டாள்.

"தண்ணி இருந்தா கூடை நெறையக் கொடுப்பேன், அக்கா. கிணறு அடி தட்டிருச்சு" என்றாள்.

புளியங்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது எலுமிச்சைக் கமிஷன் கடைகளில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பழங்களைக் குவித்துப் பருமன் வாரியாகக் கையால் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிறார்கள். அந்தத் தெரு முழுவதும் வாசனை. மூட்டைகளில் பெரும் பகுதி கேரளத்துக்குப் போகிறது. தண்ணீர் போகிற திசையிலேயே பழமும் போகிறது. ஆனால் பழத்துக்கு விலை வருகிறது.

தென்காசியையும் குற்றாலத்தையும்பற்றி நாம் எழுதப் போவதில்லை. எழுதாதவர்கள் இல்லை. மூன்றாம் நாள் அருவியில் ஜனக் கூட்டத்தினிடையே அம்மாள் குளித்தாள்; நாம் பைகளுக்குக் காவலாக நின்று சாரலில் நனைந்தோம். இரவு ஏழு மணிக்கு மதுரை பஸ்ஸில் ஏறினோம். இப்போது மலை இடது பக்கம். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாள் தூங்கிவிட்டாள்.

"சிவகிரி இறங்கு!" என்றார் கண்டக்டர்.

இரண்டு பேர் இறங்கினார்கள். காப்பிக் கடையில் விளக்கு எரிந்தது. பெஞ்சி காலியாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினோம். காற்றில் லேசாக ஈரம் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருக்க வேண்டும்.