கொம்பு முதலா, எழுத்து முதலா?

எங்கள் ஏரலைச் சுற்றியுள்ள சில ஊர்களின் பெயரை எழுதிப் பாருங்களேன், சகோதரிகளே. கொற்கை, பெருங்குளம், தென்திருப்பேரை, செய்துங்கநல்லூர். வாய் 'க' என்றும் 'ப' என்றும் ஆரம்பிக்கிறது. கையோ முதலில் ஒற்றைக் கொம்பைப் போடுகிறது, இல்லையா? இந்தச் சின்ன விஷயம் ஒரு கடைக் கணக்கையே ஆட்டி வைத்தது.

நான் 1983ல் தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். அந்த மிஷினில் கொம்பைத் தட்டிவிட்டுத்தான் எழுத்தைத் தட்ட வேண்டும். இரும்புக்கு வேறு வழி தெரியாது. கம்ப்யூட்டர் வந்த பிறகும், எங்கள் விரல் பழக்கம் கெடாதபடி பழைய முறையையே அதிலும் வைத்துக் கொடுத்தார்கள். உறவுக்காரர் ஒருவரின் கடைப் பற்று வரவை வீட்டிலிருந்தே அடித்துக் கொடுத்தேன். உலை கொதிக்கிற நேரத்தில் ஒரு பக்கம் முடிந்துவிடும். கையில் சொந்தமாக நாலு காசு. அதன் ருசி உங்களுக்குத் தெரியாததா!

சங்கடம் உள்ளே இருந்தது. தட்டிய வரிசையிலேயே கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேர்த்து வைக்கும். ஊர்வாரியாகப் பட்டியல் கேட்டால் காயல்பட்டினமும் குரும்பூரும் 'க'வில் வரும். கொற்கை மட்டும் பெருங்குளத்தோடும் தென்திருப்பேரையோடும் கொம்புக் கூட்டத்தில் போய் நிற்கும். ப்ரோகிராம் எழுதியவன் என் தம்பி மகன். கொம்பைக் கண்டால் அடுத்த எழுத்தைப் பார், அதற்குப் பின்னால் கால் இருக்கிறதா பார், இருந்தால் 'ஒ', இல்லையென்றால் 'எ' என்று பக்கம் பக்கமாக எழுதி ஒப்பேற்றி வைத்திருந்தான். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று இடிக்கும்.

2010 ஜூனில் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. வாய் சொல்கிற வரிசை. மறு வருஷம் பையன் வந்து நின்றான்.

"அத்தை, இனிமே கொம்ப முதல்ல அடிக்காதிய. 'க' அடிச்சு 'ஒ' அடிங்க. மத்தத மிஷினே பாத்துக்கிடும்."

அவன் சொன்னது தமிழ்99 விசைப்பலகை. 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்தது. 12 உயிரும் இடக்கைப் பக்கம், 18 மெய்யும் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என்று தட்டினால் போதும், புள்ளி தானாக விழும்.

"என் வெரல ஒடிச்சாத்தாம்ல ஒன் ப்ரோகிராம் நேராவுமோ?" என்று கேட்டேன். 28 வருஷப் பழக்கம் அல்லவா! மூன்று மாதம் வேகம் பாதியாயிற்று. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, வருமானமும் பாதி. வேலையைச் சுலபமாக்குகிறவர்கள் இந்த நஷ்டத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. பழகும் வரை பழைய வருமானத்தைக் குறைக்கக் கூடாது என்று கடைக்காரரிடம் கேட்டேன். கொடுத்தார். பெண்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

இப்படி மாறுவது நம் எழுத்துக்குப் புதிதில்லை. பெரியார் 1935லேயே 'குடி அரசு' பத்திரிகையில் ஆரம்பித்த சீர்திருத்தத்தில் ணை, லை, றா, னோ முதலிய 13 எழுத்துகளை 1978 அக்டோபரில் அரசு ஏற்றது. அச்சுக் கோப்பவரின் வேலை குறைந்தது. என் அம்மா மட்டும் கடைசி வரை 'லை'க்கு யானைத் தும்பிக்கை வளைத்துத்தான் கடிதம் எழுதினாள்.

கொம்பைத் தேடும் பக்கங்களை எல்லாம் பையன் ஒரே நாளில் அழித்துவிட்டான். யுகேஜி படிக்கும் என் பேத்தி, யாரும் சொல்லிக் கொடுக்காமல் 'கொக்கு' அடிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே கூட்டிப் படிக்கிறார்கள்!

2023 டிசம்பர் வெள்ளத்தில் கடை நோட்டுகள் எல்லாம் ஊறிப் போயின. கணக்கின் பிரதி மதுரையில் பத்திரமாக இருந்தது. தண்ணீர் வடிந்து கரண்ட் வந்ததும் ஊர்வாரியாகப் பட்டியல் எடுத்தோம். எந்த ஊரில் யார் யாருக்குத் தவணையைத் தள்ளி வைப்பது என்று ஒரே சாயங்காலத்தில் முடிவாயிற்று. கொற்கைக்காரர்கள் குரும்பூருக்கு அடுத்து, 'க'விலேயே இருந்தார்கள்.