லோரியும் சொல்வதெழுதுதலும்

"மலையில் மழை பெய்தது" என்று ஆசிரியை நிறுத்தி நிதானமாக உச்சரிக்கிறார். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 23 பேரும் தலை குனிந்து எழுதுகின்றனர். "வாழைத் தோட்டத்தில்" என்று அடுத்த வாக்கியம் தொடங்கிய வேளையில், சாலை மேட்டின் அடியிலிருந்து ஒரு லோரி கியர் மாற்றும் உறுமல் எழுகிறது. ஆசிரியை வாயை மூடிக்கொள்கிறார். பிள்ளைகளும் எவர் சொல்லியும் அல்லாமல் பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருக்கின்றனர். சன்னலின் கண்ணாடித் தகடுகள் நடுங்குகின்றன. லோரி மேடேறி, வளைவு திரும்பி, ஓசை தேய்ந்து மறைந்த பின்னரே பென்சில்கள் மீண்டும் கைக்கு வருகின்றன. பாடநூலில் இல்லாத இந்த ஒழுங்கை அந்தப் பிள்ளைகளுக்குச் சாலையே கற்றுக் கொடுத்திருக்கிறது.

எல்லா வேளைகளிலும் ஆசிரியையால் உரிய நேரத்தில் நிறுத்திவிட முடிவதில்லை. வாக்கியம் வாயை விட்டு வெளியேறிய பிறகு லோரி வந்துவிடுவதும் உண்டு. அன்று திரட்டிய ஏடுகளில் "மலையில் மலை பெய்தது" என்பது நால்வரிடம். "வாலைத் தோட்டம்" எழுவரிடம். சிவப்பு மையால் வட்டமிடும்போது, இப்பிழை குழந்தையுடையதா, சாலையுடையதா என்று அவருக்கே ஐயம் எழுகிறது. ஆயினும் வட்டமிடத்தான் செய்கிறார். சாலைக்கு மதிப்பெண் குறைக்க வழியில்லையே!

பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கை அறிந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. ஈப்போவைச் சுற்றிச் சுவரென நிற்கும் சுண்ணாம்புக் கற்குன்றுகள் அவ்வட்டாரத்திற்கு எழிலும் தருகின்றன; பிழைப்பும் தருகின்றன. ஒரு காலத்தில் ஈயத்தால் வாழ்ந்த மண் அது. 1985-ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தபின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கல்லுடைக்கும் தொழிலோ நிலைத்து நின்றது. சிம்பாங் பூலாய் வட்டாரத்துக் குன்றுகளிலிருந்து கல்லும் சுண்ணாம்பும் ஏற்றிய லோரிகள் விடியுமுன்னே புறப்பட்டுவிடுகின்றன. அவை நின்றால் பல வீடுகளில் அடுப்பு எரியாது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் சிலர் அந்த லோரிகளின் வருவாயில் வளர்பவர்களே.

வகுப்பில் ஒரு சிறுமி மற்றவர்களுக்கு முன்பாகவே பென்சிலை வைத்துவிடுவாள். வளைவுக்கு அப்பால் வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். "எங்கப்பா லோரி, டீச்சர்" என்பாள். அவள் குரலில் வெட்கம் துளியும் இல்லை. அத்தனை லோரிகளிலும் உரத்த குரல் தன் தந்தையுடையது என்ற பெருமிதமே இருக்கும்.

அந்தத் தந்தை 17 ஆண்டுகள் பிறருடைய லோரியை ஓட்டிய பிறகு, பழைய லோரி ஒன்றைத் தவணையில் வாங்கியவர். வாங்கிய இரண்டாம் ஆண்டில் அதன் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. பட்டறைக்காரர் அதைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, "அண்ணே, புதுசு வாங்கி என்னத்துக்குக் காசக் கொட்டுறீங்க? நேரா ஒரு பைப் வச்சிட்டா எஞ்சினுக்கு மூச்சு நல்லா வரும்" என்றார். அரை நாள் வேலை. ஒரு துண்டு இரும்புக் குழாய், நான்கு இடத்தில் பற்றவைப்பு. லோரி பட்டறையை விட்டு வெளியேறியபோது, வேறொரு வண்டியை ஓட்டுவதுபோல் இருந்ததாம் அவருக்கு.

பட்டறைக்காரர் சொன்னது முழுப் பொய்யுமன்று, முழு மெய்யுமன்று. சிலிண்டருக்குள் எரிந்த வாயு தன் வேலையை முடித்துப் புகை வால்வு திறக்கும்போதும் அதன் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டிலும் மிகுதியாகவே இருக்கிறது. அடைத்து வைத்த கதவு திறந்ததும் கூட்டம் பிதுங்குவதைப் போல அது குழாய்க்குள் பாய்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு வெடி. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிடத்திற்கு 1800 முறை சுழலுமானால், வினாடிக்கு 90 வெடிகள். அவை தனித்தனியே கேட்காமல் ஒரே முழக்கமாய்க் கேட்கின்றன. சைலன்சர் என்பது வேறொன்றுமில்லை. துளையிட்ட குழல்களும் தடுப்பறைகளும் கொண்ட இரும்புப் பெட்டி. அலைகள் அதனுள் சுவரில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலைகளோடு எதிர்ப்பட்டு ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் வாழ்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897-ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றனர். ஆக, எஞ்சின் வண்டி ஏறத்தாழப் பிறந்தபோதே, அதன் வாயை மூடவேண்டும் என்ற நாகரிகமும் மனிதனுக்குப் பிறந்துவிட்டது.

தடுப்பறைகளைக் கடக்கப் புகை சிறிது சிரமப்படத்தான் செய்கிறது. நேர்க்குழாயில் அந்தச் சிரமம் குறையும் என்பது உண்மை. ஆனால், கனரக லோரிகளில் இன்று பெரும்பாலும் டர்போ பொருத்தப்பட்டிருக்கிறது. புகை தன் விசையில் பெரும்பங்கை அந்தச் சுழலியைச் சுழற்றுவதில் செலவிட்டுவிட்ட பிறகுதான் சைலன்சருக்கே வந்து சேர்கிறது. நல்ல நிலையிலுள்ள, அளவுக்கேற்ற சைலன்சரை அகற்றுவதனால் கிடைக்கும் வலிமை சொற்பம். துருப்பிடித்து அடைத்துக்கொண்ட பழைய சைலன்சரை எடுத்தவருக்கு வண்டி துள்ளுவதாகத் தோன்றுவது இயல்பே. அங்கே உதவியது அடைப்பு நீங்கியதேயன்றி நேர்க்குழாய் அன்று. புதிய வகை லோரிகளிலோ, புகையைத் தூய்மைப்படுத்தும் பாகமும் அதே உறைக்குள் இருக்கின்றது. அதை வெட்டி எறிபவர் ஓசையோடு நஞ்சையும் சேர்த்தே ஊருக்கு வழங்குகிறார்.

எஞ்சியது ஓசை. மனிதனின் செவி ஓசையை வலிமை என்று எண்ணிக்கொள்கிறது. முழங்கும் லோரி விரைந்து ஏறுவதாகவே ஓட்டுநருக்குப் படும். இதைக் கேலி செய்வது எளிது. விடியல் 4 மணிக்கு எழுந்து, பிறருடைய கல்லைப் பிறருடைய இடத்திற்குக் கொண்டு சேர்த்து, தவணைக்கும் டயருக்கும் உழைக்கும் ஒருவருக்குத் தம்முடையது என்று சொல்லிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? அந்த முழக்கம் அவருக்குத் துணை. அது அவர் வந்துகொண்டிருக்கிறார் என்ற அறிவிப்பு. இதை உணராமல் அவரிடம் பேசப் போகின்றவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புவர்.

இறக்கத்தைக் காரணம் காட்டுவோரும் உளர். எஞ்சின் பிரேக்கின் ஓசையே பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம். அந்தப் பிரேக்கிற்கு ஒரு வரலாறு உண்டு. கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்ற எஞ்சின் வல்லுநர் 1931-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் லோரியில் இறங்கும்போது பிரேக் பிடிக்காமல், கீழே தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்த இரயிலின்மீது மோதாமல் மயிரிழையில் தப்பினார். அந்த அச்சம் அவரை விடவில்லை. எஞ்சின் அழுத்திய காற்றை உச்சத்தில் வெளியே விட்டுவிட்டு, எஞ்சினையே பிரேக்காக்கும் கருவியைப் பின்னாளில் அவர் வகுத்தார். 1961 முதல் அது விற்பனைக்கு வந்தது. அதன் படபடவென்ற வெடியோசை நேர்க்குழாயில் காதைப் பிளக்கும். சைலன்சர் இருந்தால் அடங்கும். பிடிப்போ இரண்டிலும் ஒன்றே. லோரியை நிறுத்துவது எஞ்சினுக்குள் நிகழும் வேலை; வெளியே கேட்பது அதன் மிச்சம். கம்மின்ஸ் தொழில் நடத்திய நகரமும் ரீவ்ஸ் சகோதரர்களின் அதே கொலம்பஸ்தான் என்பது வேடிக்கை.

சட்டம் இல்லாமலும் இல்லை. மலேசியாவில் மோட்டார் வாகன ஒலிக்கென்றே 1987-ஆம் ஆண்டில் சுற்றுச்சூழல் தர விதிகள் வகுக்கப்பட்டன. வணிக வாகனங்கள் 6 மாதங்களுக்கு ஒருமுறை சோதனைக்குச் செல்லவும் வேண்டும். சோதனை நாளன்று பழைய சைலன்சர் எங்கிருந்தோ தோன்றி வண்டிக்கடியில் ஏறிக்கொள்ளும், மறுநாள் இறங்கிவிடும். திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும் தேரைப் போல!

ஓட்டுநரின் காது இவ்வளவையும் பொறுத்துக்கொள்கிறதா? மலேசியாவின் 2019-ஆம் ஆண்டுத் தொழிலிட ஒலி விதிகள் 8 மணி நேரத்திற்கு 85 டெசிபல் என்ற எல்லையை வகுத்துள்ளன. மூன்று டெசிபல் கூடினால் ஓசையின் ஆற்றல் இரட்டிக்கும். எனவே 88 டெசிபலில் 4 மணி, 91-இல் 2 மணி என்று பொறுக்கும் நேரம் பாதி பாதியாகக் குறையும். சொந்த லோரி ஓட்டுபவரின் காதருகே அளவுகருவி பிடிக்க எவரும் வருவதில்லை. ஓசையால் கெடும் செவி முதலில் வினாடிக்கு 4000 அதிர்வுகள் உள்ள உயர்ந்த ஒலிகளைத்தான் இழக்கிறது. குரல் கேட்கும், சொல் விளங்காது. மெல்லிய மெய்யொலிகள் உதிர்ந்துபோக, உயிரொலிகள் மட்டும் வந்து சேரும். உதிர்ந்தவை திரும்புவதில்லை.

வகுப்பறையில் நிகழ்வதும் ஏறத்தாழ இதுவே. ஆனால் அங்கே அது அரை நிமிடத்தில் விலகிவிடுகிறது. தாழ்ந்த முழக்கம் உரக்க ஒலிக்கும்போது தனக்கு மேலுள்ள நுண்ணொலிகளையும் போர்த்திவிடும். அகரமும் ஐகாரமும் தப்பிப் பிழைக்க, லகர ளகர ழகரங்களின் வேறுபாடு முழக்கத்திற்குள் கரைந்துவிடும். வளர்ந்தவர் ஒருவர் "ம-ஐ பெய்தது" என்ற அளவே கேட்டாலும், பெய்வது மழைதான் என்று தாமே நிரப்பிக்கொள்வார். சொற்களைச் சேமித்துக்கொண்டிருக்கும் 9 வயதுக் குழந்தையிடம் நிரப்புவதற்கு இன்னும் கையிருப்பு இல்லை. அதனால்தான் ஆசிரியரின் குரல் சுற்றியுள்ள இரைச்சலைவிட 15 டெசிபலேனும் ஓங்கியிருக்க வேண்டும் என்பர் செவியியல் அறிஞர். வகுப்பறை இரைச்சல் 35 டெசிபலுக்கு மேற்படலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் பரிந்துரைத்தது. சாலையோரப் பள்ளிகளுக்கு அது கனவு.

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் மேம்பால இரயில் பாதையை ஒட்டி ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியல் ஆய்வாளர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், தண்டவாளப் பக்கத்து வகுப்பறைகளில் பயின்ற பிள்ளைகள், அதே கட்டடத்தின் அமைதியான மறுபக்கத்தில் பயின்றவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தனர்; ஆறாம் வகுப்பை எட்டும்போது பின்னடைவு ஏறத்தாழ ஓராண்டு. பிறகு தண்டவாளத்திற்கு இரப்பர் மெத்தை இடப்பட்டது. வகுப்பறைக் கூரையில் ஒலியுறிஞ்சும் பலகைகள் பொருத்தப்பட்டன. 1981-இல் வெளிவந்த அவருடைய அடுத்த ஆய்வில் இருபக்கத்துப் பிள்ளைகளும் ஒரே தரத்தில் நின்றனர். அந்தப் பள்ளியில் குறை பிள்ளைகளிடத்தில் இருக்கவில்லை.

இதைக் கணக்குப் பாடமாகவும் கொடுக்கலாம். ஐந்து நிமிடத்திற்கு ஒரு லோரி. ஒவ்வொன்றுக்கும் பாடம் நிற்பது 20 வினாடி. நாளுக்கு 5 மணி நேரப் பாடம். ஆண்டுக்கு 190 பள்ளி நாட்கள் என்று கொண்டால், விடை 63 மணி 20 நிமிடம். ஏறத்தாழப் 13 பள்ளி நாட்கள் மௌனமாகவே கழிந்திருக்கும்.

ஆண்டு நடுவில் தேர்ச்சி அட்டை வாங்க அந்தத் தந்தை வந்திருந்தார். ஆசிரியை மகளுடைய ஏட்டை அவர்முன் திறந்து வைத்தார். "வாசிப்பு நல்லா இருக்கு. எழுத்துலதான் ழ, ள, ல மூணும் குழம்புது" என்றார். "ஆமாங்க டீச்சர்" என்றார் தந்தை. "வீட்டுல நீங்க தினமும் ஒரு பத்துச் சொல்லு சொல்லி எழுத வைக்க முடியுமா?" "ஆமாங்க டீச்சர்." "காலையிலயா, சாயங்காலமா?" "ஆமாங்க டீச்சர்." அப்போதுதான் ஆசிரியைக்கு விளங்கியது. அப்போது சாலையில் எந்த லோரியும் போகவில்லை. மின்விசிறியின் ஓசை மட்டுமே இருந்தது. அவர் ஏட்டைத் தம் பக்கம் திருப்பி, பென்சிலால் எழுதியே காட்டினார். தந்தை "மலையில் மலை பெய்தது" என்ற வரியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். லோரியைப் பற்றி ஆசிரியை ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிறுமிதான், "டீச்சர் அப்படிச் சொன்னப்ப உங்க லோரி போச்சுப்பா" என்றாள், வழக்கமான பெருமையோடு.

அடுத்த மாதம் வண்டிக்குச் சோதனை வந்தது. பட்டறையின் மூலையில் கிடந்த பழைய சைலன்சர் ஒட்டுப்போடப்பட்டு ஏறியது. சோதனை முடிந்து மூன்று வாரங்கள் ஆகியும் கழற்றுவதற்கு ஆள் வராததைக் கண்டு பட்டறைக்காரர் கேட்டபோது, "நேரமில்லப்பா, நடை அதிகமா இருக்கு" என்றார் அவர்.

அந்நாட்களில் ஒரு மாலை, "இன்னைக்குப் பள்ளிக்கூடப் பக்கம் வரலையாப்பா?" என்று மகள் கேட்டாள். நான்கு நடை போனதாக அவர் சொன்னதை அவள் நம்பவில்லை. அவர் விரல்விட்டு நேரங்களை எண்ணத் தொடங்கினார். ஏழேமுக்கால், பத்தேகால்... பத்தேகால் என்றதும் அவள் இடைமறித்து, அப்போதுதான் டீச்சர் சொல்வதெழுதுதல் நடத்தினார் என்று என்னவோ சொன்னாள். அவர் தலையை அவள் பக்கம் சாய்த்து, இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.