வெள்ளியன்று தோற்றால் சனி இருக்கிறது

ஹாக்கி என்றால் எனக்கு தியான்சந்த், புல்தரை, வளைந்த மட்டை. பனிக்கட்டி மேல் சறுக்கிக்கொண்டு ஆடும் ஹாக்கியும் ஒன்று உண்டு, நம் லடாக்கில் உறைந்த குளங்களில் ஆடுகிறார்கள் என்று செய்தி மொழிபெயர்த்திருக்கிறேன். அதோடு சரி. நேரில் பார்த்தது சில குளிர்காலங்களுக்கு முன்பு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் என்ற பல்கலைக்கழக ஊரில். அங்கே கார் கம்பெனியில் இன்ஜினீயராக இருக்கும் என் அண்ணன், மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் இருபது வருட ரசிகர். கல்லூரி ஹாக்கியில் வழக்கம் இதுதான்: வெள்ளிக்கிழமை இரவு ஓர் ஆட்டம், சனிக்கிழமை இரவு அதே எதிரணியோடு மறுபடி ஓர் ஆட்டம். இரண்டுக்கும் டிக்கெட் வாங்கி வைத்திருந்தார்.

ஆனால் முதல் ஆட்டம் காரிலேயே தொடங்கிவிட்டது. மன்னார்குடி வீட்டை விற்றுவிடலாம் என்றார் அண்ணன்.

"அம்மா எங்கே போகும்?"

"உன்கிட்ட டெல்லிக்கு வரட்டும். இல்லேன்னா இங்கே வரட்டும்."

அம்மா எங்கேயும் வராது என்பது இருவருக்கும் தெரியும். "வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பாக்கறவங்க பேசற பேச்சு அண்ணே இது" என்று சொல்லிவிட்டேன்.

"நீ மட்டும் என்ன, மாசாமாசம் போறியா?"

அதற்குப் பிறகு வண்டியில் ஹீட்டர் சத்தம் மட்டும்தான்.

யோஸ்ட் ஐஸ் அரீனா 1923ல் உள்ளரங்க விளையாட்டுகளுக்காகக் கட்டப்பட்ட செங்கல் கட்டடம். உயரமான வளைவு ஜன்னல்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பழைய மில் போல இருக்கிறது. பனித்தளம் வந்தது 1973ல். உள்ளே 200 அடி நீளம், 85 அடி அகலம் வெள்ளை வெளேரென்று பனி. சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள். ஒரு பக்கம் முழுக்க மாணவர்கள். அவர்கள் உட்காருவதே இல்லை. பேண்டு வாத்தியம் காதைப் பிளக்கிறது.

பந்துக்குப் பதில் 'பக்' என்ற ரப்பர் வில்லை. 3 அங்குல விட்டம், 1 அங்குல கனம், சுமார் 170 கிராம். துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக, ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைக்கிறார்கள். முதல் பத்து நிமிடம் அது எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்: மட்டையில் பட்டால் ஒரு சத்தம், கண்ணாடித் தடுப்பில் பட்டால் இன்னொன்று.

தவறு செய்த ஆட்டக்காரர் 2 நிமிடம் தண்டனைக் கூண்டில் உட்கார வேண்டும். எதிரணிக்காரர் ஒருவர் அப்படிக் கூண்டுக்குள் நுழையும்போது, மாணவர் கூட்டம் முழுவதும் ஒரே குரலில் 'சீ யா!' என்று கையசைத்து வழியனுப்புகிறது. அதைத் தொடர்ந்து வரும் சொற்களை இந்தப் பத்திரிகை அச்சிடாது. கோல் விழுந்தால் எதிரணி கோல்கீப்பரை நோக்கி விரலை நீட்டி 'சல்லடை, சல்லடை' என்று கத்துகிறார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இந்த வசவு மிகவும் பிடித்துப்போனது. 'சீ யா'வை எப்படித் தமிழாக்குவது என்று யோசித்தேன். 'தொலைந்து போ' என்பதுதான் கூட்டத்தின் எண்ணம். ஆனால் 'போய் வா' என்பதே பொருத்தமாகப் பட்டது. 2 நிமிடத்தில் ஆள் திரும்பி வரத்தானே போகிறார்!

அன்று மிச்சிகன் தோற்றது. கடைசி நிமிடங்களில் எங்கள் கோல்கீப்பரை வெளியே இழுத்து, அவருக்குப் பதில் இன்னொரு தாக்குதல் ஆட்டக்காரரை இறக்கிப் பார்த்தார்கள். காலியாக இருந்த வலையில் எதிரணி நிதானமாக ஒரு கோலைப் போட்டது. 1948ல் தேசியப் போட்டி தொடங்கியபோது முதல் கோப்பையை வென்ற அணி, 1998க்குள் 9 கோப்பைகள் என்றெல்லாம் வழக்கமாகப் பெருமை பேசும் அண்ணன், அன்று பேசவில்லை. நானும் பேசவில்லை. அண்ணி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். தோல்விதான் காரணம் என்று நினைத்திருப்பார்.

சனிக்கிழமை காலை அம்மாவுக்கு போன். ஊரில் விளக்கு வைத்த நேரம்.

"ஆட்டம் பாக்கப் போனீங்களாமே, யாரு ஜெயிச்சா?"

"தோத்துட்டோம்மா. இன்னிக்கு மறுபடி இருக்கு."

"யாரோட?"

"அதே ஆளுங்களோடதான்."

"தோத்தவனை மறுநாளே கூப்பிட்டு இன்னொரு ஆட்டம் குடுக்கறாங்களா? நல்ல ஊருதான்" என்றது அம்மா. ஸ்பீக்கரில் இருந்ததால் அண்ணனும் கேட்டார்.

இரண்டாம் நாள் எனக்குக் கண் பழகியிருந்தது. முந்திய நாள் யார் யாரை இடித்தார்கள் என்பது எனக்கே நினைவிருந்தது, இடிபட்டவருக்கு இருக்காதா? ஆனாலும் ஓர் எல்லை உண்டு. தொழில்முறை லீகில் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடித்துக்கொள்வார்கள். 5 நிமிடம் கூண்டில் இருந்துவிட்டுத் திரும்பலாம். கல்லூரி ஆட்டத்தில் கைகலந்தால் வெளியேற்றம், அடுத்த ஆட்டமும் கிடையாது. வெள்ளிக்கிழமை கை நீட்டியவருக்கு சனிக்கிழமை இல்லை.

களத்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேரும் கோல்கீப்பரும். ஐவரும் நிரந்தரமில்லை. முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் வெறிகொண்டு ஆடிவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். ஆட்டம் நிற்பதில்லை. பெஞ்சில் இருப்பவர்கள் தடுப்புப் பலகையைத் தாண்டிக் குதித்து உள்ளே போகிறார்கள்.

"யாரும் ஒரேயடியா உள்ளே இருக்க முடியாது. மூச்சு வாங்கும். மாத்தி மாத்தி இறங்கணும்" என்றார் அண்ணன். நேற்றிலிருந்து அவர் என்னிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம். "கோல்கீப்பருக்கு மட்டும்தான் மாத்து கிடையாது. முழுசா நிக்கணும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பக் எங்கள் பக்கம் வந்தது. கோல்கீப்பர் முழங்காலில் விழுந்து தடுத்தார். மறுபடி வந்தது. மறுபடி தடுத்தார்.

"நாம ரெண்டு பேரும் பெஞ்சுலேயே உக்காந்திருக்கோம்ப்பா" என்றார் அண்ணன், பனியைப் பார்த்தபடி.

கூட்டம் கத்தியது. நான் கேட்காதது போல் இருந்திருக்கலாம். "ஆமாண்ணே" என்றேன்.

அன்று மிச்சிகன் ஜெயித்தது. நானும் தொண்டை கட்டும் வரை 'சல்லடை' என்று கத்தினேன், தமிழிலேயே. முன்வரிசைப் பையன் ஒருவன் திரும்பிப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் வரிசையாக வந்து, இரண்டு இரவு இடித்துக்கொண்டவர்கள் ஒவ்வொருவராகக் கை குலுக்கிக்கொண்டார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் தொட்டுவிட்டுப் போனார்கள். அதுவும் கணக்கில் சேர்த்திதான் என்று தோன்றியது.

டெட்ராய்ட் விமான நிலையத்தில் "போயிட்டு வரேண்ணே" என்றேன். அண்ணன் கூட்டத்தைப் போலவே கையசைத்து "சீ யா" என்றார்.

அந்த வருடம் ஜூனில் அண்ணன் ஆறு வாரம் மன்னார்குடியில் இருந்தார். தீபாவளியிலிருந்து பொங்கல் வரை, மொழிபெயர்ப்பு வேலையை மூட்டை கட்டிக்கொண்டு போய் நான் இருந்தேன். வீட்டை என்ன செய்வது என்பது முடிவாகவில்லை. அந்தச் சண்டை இன்னும் பாக்கி இருக்கிறது. குளிர்காலம் வந்தால் வெள்ளிக்கிழமைதோறும் அம்மா போனில் கேட்கும்: "உங்க அண்ணன் ஆளுங்க இன்னிக்கு ஆடறாங்களா?"