குற்றாலச் சாரலில் கைபேசி

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அதன் உண்மையை அறிய விழையும் அன்பர்கள் தென்காசிக்குச் சென்று, காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாயிலில் சிறிது நேரம் நின்றால் போதும். மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று அங்கே ஆளையே தள்ளுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய அக்கோயிலின் கோபுரம் நெடுங்காலம் சிதைந்து நின்று, 1990-ஆம் ஆண்டில் புதுப்பொலிவு பெற்றது. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், எம் பங்கைச் சேர்ந்த மூன்று குடும்பத்தாருடன் வேனில் குற்றாலம் செல்லும் வழியில் அங்கே இறங்கினோம். ஒரு கையால் தோள்துண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைபேசியை உயர்த்திக் கோபுரத்தைப் படம் பிடித்தோம்.

அந்தப் படம் எமக்காக அன்று. எம் பங்கில் எண்பதை எட்டிய பெரியவர் ஒருவர் ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தார். இளமையில் செங்கோட்டைப் பக்கம் மரக்கடையில் வேலை பார்த்தவர். சீசன் தொடங்கிவிட்டால், அந்தியில் வேலை முடிந்ததும் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு ஐந்தருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவாராம். நற்கருணை கொண்டு செல்லும்போதெல்லாம் இந்தக் கதை வரும். நாம் குற்றாலம் போகிறோம் என்று கேள்விப்பட்டதும், "ஐந்து கிளையும் விழுகிறதா என்று பார்த்து வாருங்கள், சாமி" என்றார். பார்த்து வருவது என்ன, பார்த்த அந்த நேரத்திலேயே உங்களுக்கும் காட்டுகிறோம் என்று சொல்லி, அவருடைய பேத்தியின் கைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டோம். உடல்நிலை மோசமானால் உடனே அழைக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில் வந்து சேருவோம் என்றும் அவ்வீட்டாரிடம் வாக்குக் கொடுத்தோம்.

புறப்படுமுன் பங்கு இளைஞர் ஒருவர் எம் கைபேசிக்கு ரீசார்ஜ் செய்து, நாளொன்றுக்கு இரண்டு ஜிபி டேட்டா வரும் என்று விளக்கினார். "இனி நீங்கள் எங்கே இருந்தாலும் பங்கிலேயே இருப்பது போலத்தான், சாமி" என்று அவர் சொன்னதை நாமும் நம்பினோம்.

தென்காசி வரையில் அவர் சொன்னது மெய்யே. 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தனி மாவட்டமாகிவிட்ட இவ்வூரில் இணையத்துக்குக் குறைவில்லை. பக்கத்து மத்தளம்பாறைச் சிற்றூரில் ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனம் 2011-ஆம் ஆண்டிலேயே அலுவலகம் திறந்தது. அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-இல் அமெரிக்காவை விட்டு வந்து அவ்வூரிலேயே குடியேறினார். வயலும் தென்னையும் சூழ்ந்த ஊரிலிருந்து உலகம் முழுவதற்கும் வேலை நடக்கிறது! கோபுரக் காட்சி ஒரே நொடியில் சென்று சேர்ந்தது. "தாத்தா பார்த்தார்கள், காற்றுச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார்கள்" என்று பேத்தி பதில் அனுப்பினாள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். மலை நெருங்க நெருங்க வெயில் மறைந்து, மழையென்றும் பனியென்றும் சொல்ல முடியாத சாரல் முகத்தில் வந்து படிகிறது. பேரருவி ஏறத்தாழ இருநூறு அடி உயரத்திலிருந்து இறங்குகிறது. நேரே தலையில் விழுந்தால் எவராலும் தாங்க இயலாது. இடையில் உள்ள பொங்குமாக்கடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து வேகம் தணிந்த பின்னரே நம்மிடம் வருகிறது. நீர் பெருகி, பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கிவிட்டால் காவலர்கள் குளிக்கத் தடை விதித்துவிடுவர். இத்தடைச் செய்தியை இப்போது வீட்டிலிருந்தே கைபேசியில் அறிந்துகொள்ளலாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து ஏமாந்து திரும்பும் வருத்தம் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள், பழைய குற்றாலத்தில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோது, மலைமேல் பெய்த மழையால் திடீர் வெள்ளம் பாய்ந்து பதினேழு வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. அவன் உயிர் மீளவில்லை. ஒரு வட்டாரத்தில் உள்ள எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் உரத்து ஒலிக்கும் எச்சரிக்கை முறையை நடுவண் அரசு 2023-இல் நாடெங்கும் சோதித்துப் பார்த்தது. அன்பர்கள் பலர் அவ்வொலி கேட்டுத் திடுக்கிட்டிருப்பீர்கள். ஆயினும் அருவிக்குள் நிற்பவர் கையில் கைபேசி இருப்பதில்லை. நீரின் நிறம் மாறுகிறதா, மரக்குச்சிகள் வருகின்றனவா என்பதைக் கரையில் ஒருவர் நின்று கவனிப்பதே நல்லது.

எமக்கு இது முதற்பயணம் அன்று. குருமட மாணவராய் இருந்த நாளில் ஆசிரியத் தந்தையருடன் வந்திருக்கிறோம். அப்போது வீட்டுக்குச் செய்தி சொல்ல பதினைந்து காசு அஞ்சலட்டை. அவசரமானால் மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத். இரவு ஏறினால் கட்டணம் குறையும் என்பதால், நனைந்த தலையுடன் வரிசையில் நின்று, ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டே பேசுவோம். இன்னும் பின்னே போனால், ரசிகமணி டி.கே.சி. இக்குற்றாலத்தில் வாழ்ந்த நாட்களில் நண்பர்களுக்குக் கடிதங்களாகவே எழுதிக் குவித்தார். 1954-இல் அவர் மறைந்த பின்னும் அக்கடிதங்கள் நூலாக வந்து படிக்கப்படுகின்றன. நம் வாட்ஸ்அப் செய்திகளை எவர் நூலாக்குவர்!

இரண்டாம் நாள் காலையில் பேரருவி. எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்று இளைஞர்கள் வற்புறுத்தியதால், எல்லோருடைய கைபேசிகளையும் ஒரு பையில் இட்டு வேனில் பூட்டினோம். கழுத்தில் தொங்கும் பிளாஸ்டிக் உறைகள் கடைதோறும் விற்கின்றன. அவ்வுறையில் கைபேசியை இட்டு அருவிக்குள் சென்ற தம்பி ஒருவர், வெளியே வந்து உறையிலிருந்து தண்ணீரைக் கொட்டியதைக் கண்ணால் கண்டோம். ஆகவே அவ்வழியைப் பரிந்துரைக்க மனமில்லை.

பிறகு அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஐந்தருவிக்குச் சென்றோம். ஐந்து கிளையும் விழுந்தன. பெரியவர் சொன்ன மிதிவண்டியை எங்கே நிறுத்தியிருப்பார் என்று எண்ணியபடி, நிதானமாகக் கிளை கிளையாகப் படம் பிடித்து, பேத்தியின் எண்ணுக்கு அனுப்பினோம். அனுப்பிய படத்தின் கீழே ஒரு சிறு கடிகாரக் குறி தோன்றி, அப்படியே நின்றுவிட்டது.

"இங்கே டவர் இல்லை, சாமி" என்றார் வேன் ஓட்டுநர். அருவிகள் மலையின் மடிப்புகளில் ஒளிந்திருப்பவை. கோபுரத்திலிருந்து வரும் அலைகளைப் பாறை மறைத்துக்கொள்கிறது. 4ஜி, 5ஜி சேவைகளில் பல, பழைய 2ஜி அலைகளைக் காட்டிலும் அதிர்வெண் மிகுந்த அலைகளில் இயங்குவதால் எட்டும் தூரமும் குறைவு, நனைந்த மரச்செறிவை ஊடுருவும் வலிமையும் குறைவு. இதோடு சீசன் கூட்டம் வேறு. ஒரு டவரின் கொள்ளளவைப் பல்லாயிரம் பேர் பங்கிட்டுக்கொள்ளும்போது, திரையில் நான்கு கோடுகள் தெரிந்தாலும் நெட் நகராது. அத்தகைய இடத்தில் காட்சிப் படம் அனுப்ப முயல்வது வீண். சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் சிலவேளை போய்ச் சேரும். 2ஜி சேவையுள்ள நிறுவனத்தின் சிம் என்றால் கைபேசியை 2ஜிக்கு மாற்றிப் பார்க்கலாம். ஜியோவில் 2ஜி இல்லை. இவையெல்லாம் பிற்பாடு பங்கு இளைஞரிடம் கேட்டு அறிந்தவை. அன்று அந்த நேரத்தில் எமக்குத் தோன்றியது வேறு. காலையிலிருந்து ஒரு மணி ஒலியும் இல்லாமல் இருந்ததில், ஒளிக்காமல் சொல்வதானால், மகிழ்ச்சியே அடைந்தோம். எத்தனை ஆண்டுக்குப் பின் இப்படி ஓர் ஓய்வு!

நண்பகலில் பிரானூர்ப் பக்கம் பரோட்டாக் கடை ஒன்றில் உண்டோம். பணம் செலுத்தும்போதும் அதே கதை. குடும்பத் தலைவர் ஒருவர் மஸ்கட்டிலிருந்து விடுமுறையில் வந்தவர். 2023 முதல் ஓமன் உள்ளிட்ட பத்து நாடுகளின் கைபேசி எண்ணைக் கொண்டே இங்குள்ள என்.ஆர்.ஐ. கணக்கில் யு.பி.ஐ. பயன்படுத்த வழி திறந்துவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கைபேசியோ சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவருடைய தாயார் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினார்கள். "அம்மா, உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்?" என்றார் மகன். "உன் போனுக்குப் பசி ஆறும்வரை கடைக்காரர் காத்திருப்பாரா?" என்றார்கள் அம்மா. மலைப்பக்கம் செல்வோர் கொஞ்சம் ரொக்கமும், முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வைத்த வரைபடமும் கொண்டு செல்வது நலம். அங்கிருந்து புளியரை வரை போய், வயல்களையும் மலையையும் பார்த்துத் திரும்பினோம். கேரள எல்லை என்பதால் அந்தப் பக்கத்து டவரைக் கைபேசி பற்றிக்கொள்வதுண்டு. இந்தியாவுக்குள் இதற்குத் தனிக் கட்டணம் கேட்ட காலம் போய்விட்டது, அஞ்ச வேண்டியதில்லை.

மாலை நான்கு மணிக்குத் தென்காசியை நெருங்கினோம். சட்டைப் பையில் கைபேசி துடிக்கத் தொடங்கியது, நிற்கவில்லை. தவறிய அழைப்புகள் பதினேழு. முதல் அழைப்பு காலை 9.40-க்கு, நாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில். கோயில்பிள்ளையின் குரல்செய்தி ஒன்று, பேத்தியின் செய்திகள் நான்கு. அவற்றைத் திறந்து பார்ப்பதற்குள், நண்பகலிலிருந்து கடிகாரக் குறியோடு காத்திருந்த ஐந்தருவிப் படம் தானாகவே புறப்பட்டுச் சென்றுவிட்டது. தடுக்க வழி தெரியவில்லை.

பெரியவர் பகல் இரண்டரை மணிக்கு இறந்திருந்தார்.

குடும்பத்தாரை வேனிலேயே வரச் சொல்லிவிட்டு, வாடகைக் கார் பிடித்துத் திரும்பினோம். இரவு ஏழரை மணிக்கு அவ்வீட்டு வாசலில் கோயில்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். "எத்தனை தடவை போன் போட்டோம், சாமி! தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். தங்குகிற லாட்ஜ் பெயரையாவது கேட்டு வைத்திருக்கலாம்." கேட்டு வைத்திருக்க வேண்டியவர் அவர் அல்லர், சொல்லி வைத்திருக்க வேண்டியவர் நாம். அவர் பதினொன்றரை மணிவரை முயன்று பார்த்துவிட்டு, தம் மகனை மோட்டார் சைக்கிளில் அனுப்பி, அடுத்த பங்கின் தந்தையை அழைத்து வந்திருக்கிறார். நோயில்பூசுதலும் வழித்துணை நற்கருணையும் பெரியவருக்குத் தக்க நேரத்தில் கிடைத்தன. அதற்காக இறைவனுக்கு நன்றி செலுத்தினோம். ஆனால் பெரியவர் இடையிடையே கண் திறந்து, "சாமி ஐந்தருவியிலிருந்து வந்துவிட்டார்களா?" என்று கேட்டாராம். அதைக் கோயில்பிள்ளை சொல்லவில்லை. மறுநாள் அடக்கம் முடிந்த பின் மகள் சொன்னாள்.

அன்றிரவு மன்னிப்புக் கேட்கும் எண்ணத்துடன் பேத்தியிடம் சென்றோம். அவள் தலைமாட்டில் அமர்ந்து மெழுகுதிரியின் ஒழுகலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "படம் வந்தது, சாமி. தாத்தா பக்கத்தில் வைத்து ஒருமுறை ஓட விட்டேன்" என்றாள். "ஐந்தும் விழுகிறது" என்று வேறு சொன்னாள். எமக்குப் பேச்சு எழவில்லை.

இவ்வாண்டு தவக்காலத்தில் ஒரு தியானத்துக்காக மீண்டும் இரண்டு நாள் பங்கைவிட்டுச் செல்ல நேர்ந்தது. புறப்படுமுன், பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் தியான இல்லத்தின் தரைவழித் தொலைபேசி எண், கார் ஓட்டுநரின் எண், அடுத்த பங்குத் தந்தையின் எண் ஆகிய மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி, திருவுடை அறைக் கதவில் ஒட்டினோம். கோயில்பிள்ளை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எண்ணையும் உரக்கப் படித்துச் சரிபார்த்தார்.