குடியிருப்போர் குரல்

மனநிறைவை எண்ணால் அளக்க முடியுமா? இங்கிலாந்தின் உள்ளூராட்சி மன்றங்கள் 2023 ஏப்பிரல் முதல் தம் வாடகை வீடுகளில் வாழ்வோரிடம் இவ்வளவையை நடத்திவருகின்றன. விதிக்கப்பட்ட 22 அளவுகோல்களுள் 12 குடியிருப்போரை வினவிப் பெறப்படுபவை. ஏனையவை மன்றப் பதிவேடுகளிலிருந்து எடுக்கப்படுபவை. திருத்தவேலை, பாதுகாப்பு, முறைப்பாடு ஆகியன பற்றியெல்லாம் வினவப்படுகின்றது.

இவ்வேற்பாட்டின் பின்னணியில் ஒரு பெருந்துயர் உண்டு. 2017 ஜூன் 14 இல் இலண்டன் கிறென்பெல் தொடர்மாடியில் மூண்ட தீ 72 உயிர்களைக் குடித்தது. தீயாபத்துக் குறித்து அங்கு வாழ்ந்தோர் முன்னரே எச்சரித்திருந்தனர்; செவிசாய்ப்பார் இருக்கவில்லை. அதன்பின் எழுந்த சீர்திருத்தங்களின் விளைவே இவ்வளவை.

ஆதலால், குடியிருப்போர் கருத்துக்கு மன்றம் செவிசாய்த்து அதன்படி செயற்படுகின்றதா என்ற வினாவே தலையாயது. அதற்கு அளிக்கப்படும் ‘அதிருப்தி’ என்னும் விடை, அட்டவணையில் உறங்காது, ஒழுகும் கூரையைத் திருத்தும் கைகளை வந்தடைய வேண்டும்.