வாயில் புழு

சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் அரை மணி நேரம் கழித்து வாங்க. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது :-)

நம்ம ஊரில் 'புழுத்துப் போவ' என்பது சாபம். அதனால் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு நிஜமாகவே வாயில் புழு வைத்தால், வீட்டில் யாரும் வெளியே சொல்வதில்லை. போன வருஷம் அம்மாச்சிக்கு வந்தது. அதற்கு முன்னால் இப்படி ஒன்று உண்டு என்றே எனக்குத் தெரியாது.

டாக்டர்கள் இதை 'மயாசிஸ்' என்கிறார்கள். பக்கவாதம் வந்து, வாயை மூட முடியாமல் தூங்குகிறார்கள். ஈறில் ஒரு புண். ஈ ஒன்று உட்கார்ந்து முட்டை வைக்க அது போதும். ஒரு நாளில் பொரித்துவிடும். இதற்குக் காரணமான ஈக்களில் ஒன்று கிரைசோமையா பெசியானா. அதன் புழு செத்த சதையைத் தொடாது, உயிருள்ள சதைதான் வேணும் அதுக்கு. உடம்பைச் சுற்றிப் பின்பக்கமாகச் சாய்ந்த முட்கள். பிடித்து இழுத்தால் லேசில் வராது.

பல் டாக்டர் இழுக்கவில்லை. டர்பன்டைன் நனைத்த பஞ்சைப் புண்ணில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். புழு மூச்சு விடும் துளைகள் வால் பக்கம் இருக்கின்றன. அதை அடைத்தால் தானாக மேலே வருமாம்! ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, புண்ணைக் கழுவி, ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார். (ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவில் இருந்து வந்த மருந்து. 2015ல் இதற்காக ஒமுராவுக்கும் கேம்பலுக்கும் நோபல் பரிசு.) உள்ளே மிச்சம் இருக்கலாம் என்று தொடர்ந்து நாலு நாள் வரச் சொன்னார். இதை வீட்டில் முயற்சி பண்ணாதீங்க, டர்பன்டைன் தொண்டைக்குள் இறங்கினால் வேறு வினை.

வைத்தியம் இவ்வளவுதான். பேச்சுதான் தாங்கவில்லை. "பார்த்துக்கிட்ட லட்சணம்" என்று அத்தை காதுபடவே சொன்னார்கள். மூன்று வருஷமாக அம்மாச்சிக்கு மலஜலம் எடுப்பவர் அத்தை. வாயில் புது நாற்றம் என்று முதலில் கண்டுபிடித்ததும், அன்றைக்கே ஆட்டோ பிடித்ததும் அவர்தான். வெட்கப்பட்டு நாலு நாள் மறைத்திருந்தால் புழு அண்ணத்தைத் துளைத்திருக்கும்.

இப்போது ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் ஈரத்துணியால் வாயைத் துடைத்து விடுகிறார். இந்த ஈ பகலில் வருவது என்பதால் பகலிலும் கொசுவலை. லட்சணம் பேசியவர்களில் ஒருத்தர்கூட இதுவரை ஒரு ராத்திரி வந்து துணைக்குப் படுக்கவில்லை.